கடலுக்கு முன் ஒரு கடல்

நுழையும் முன்

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனைக் கையில் எடுத்தவுடன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பர். 'கணீர்' என்று ஒலித்தால் பானை நன்று. ஒலி மழுங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ உண்டு என்று பொருள். வீட்டிற்குக் கொண்டுவந்த பின்னும் அதில் உடனே உலையேற்றுவதில்லை. நீர் நிரப்பி ஓர் இரவு வைத்திருந்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பின்னரே அடுப்பில் ஏற்றுவர்.

'கலம்' என்னும் தமிழ்ச்சொல் பாத்திரத்தையும் குறிக்கும், கப்பலையும் குறிக்கும். உண்கலம், மட்கலம் என்பவற்றோடு மரக்கலம் என்பதும் நம் வழக்கில் உள்ளது. பானையில் நீர் உள்ளே இருக்கிறது. கப்பலில் நீர் வெளியே இருக்கிறது. இரண்டிலும் நீர் தன் எல்லையைக் கடக்கக் கூடாது. ஆதலால் இரண்டையும் பயன்படுத்தும் முன் நீரைக் கொண்டே சோதிக்கின்றனர். கப்பலின் உறுப்புகளும் ஆழ்கடல் ஊர்திகளும் கடலைக் காணும் முன்பே எவ்வாறு ஒரு செயற்கைக் கடலில் தேர்வெழுதுகின்றன என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. நீரின் சுமை

ஐதராபாத்தில் வாழும் உங்களுக்கு உசேன் சாகர் ஏரி புதியதன்று. அதன் மிக ஆழமான பகுதி ஏறத்தாழ 10 மீட்டர். இந்த 10 மீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீரழுத்தத்தைக் கணக்கிட இது நல்லதோர் அளவுகோல்.

கடல்மட்டத்தில் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. இதனை ஒரு வளிமண்டல அழுத்தம் என்பர். நீரில் 10 மீட்டர் இறங்கினால் அதே அளவு அழுத்தம் கூடுதலாகச் சேர்கிறது. மேலும் 10 மீட்டர் இறங்கினால் மேலும் ஒரு பங்கு சேரும். இவ்வாறு ஆழம் கூடக்கூட அழுத்தமும் ஒரே சீராகக் கூடிக்கொண்டே செல்லும்.

நீரினால் மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏற்படும் அழுத்தம் வருமாறு:

10 மீட்டர் ஆழம் – ஏறத்தாழ 1 கிலோகிராம்
100 மீட்டர் ஆழம் – ஏறத்தாழ 10 கிலோகிராம்
1,000 மீட்டர் ஆழம் – ஏறத்தாழ 100 கிலோகிராம்
6,000 மீட்டர் ஆழம் – ஏறத்தாழ 600 கிலோகிராம்

உங்கள் கட்டைவிரல் நகத்தின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். கடலில் 6,000 மீட்டர் ஆழத்தில் அந்நகத்தளவு இடத்தின்மீது, நன்கு வளர்ந்த ஓர் எருமையின் எடை அழுத்தும். நகத்தின் மீது மட்டுமன்று, அதன் அருகிலுள்ள ஒவ்வொரு நகத்தளவு இடத்தின்மீதும் அவ்வாறே அழுத்தும்.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். தலையில் வைத்த சுமை கீழ்நோக்கி மட்டுமே அழுத்தும். நீரின் அழுத்தமோ மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஒருங்கே வரும். அடைக்கப்பட்ட நீரின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். எனவே கலத்தின் எந்தப் பகுதியில் குறை இருந்தாலும் நீர் அதனைக் கண்டுபிடித்துவிடும்.

2. காற்று ஏன் கூடாது?

ஒரு குழாயோ தொட்டியோ அழுத்தத்தைத் தாங்குமா என்று அறிய, உள்ளே காற்றை ஏற்றியும் பார்க்கலாம் அன்றோ? மிதிவண்டி கடையில் அவ்வாறுதான் செய்கின்றனர். டியூபில் காற்றடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தில் ஒட்டுப் போடுகின்றனர். அங்கே அழுத்தம் சிறிது, ஆபத்தும் சிறிது. பேரழுத்தம் வேண்டும் இடங்களில் காற்றைப் பயன்படுத்துவதில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு.

காற்று சுருங்கும் இயல்புடையது. அழுத்தி அடைத்த காற்று, சுருட்டி வைத்த வில்போல ஆற்றலைத் தனக்குள் சேமித்து வைத்திருக்கும். கலத்தில் ஒரு விரிசல் ஏற்பட்டால் அவ்வாற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்படும். கலம் வெடித்துச் சிதறும். நீரோ எளிதில் சுருங்குவதில்லை. 600 மடங்கு வளிமண்டல அழுத்தத்திலும் நீரின் பருமன் நூற்றில் மூன்று பங்கு கூடக் குறைவதில்லை. ஆகவே நீர் நிரப்பிய கலம் விரிந்தால் சிறிதளவு நீர் பீறிடும். உடனே அழுத்தம் வீழ்ந்துவிடும். சோதனை செய்வோருக்குத் தீங்கு குறைவு. உடைந்த உறுப்பும் சிதறாமல் அப்படியே கிடைப்பதால், எங்கே எவ்வாறு உடைந்தது என்று ஆராய இயலும்.

இவ்வுண்மை கடலுக்கு மட்டும் உரியதன்று. உலகின் முதல் பயணியர் ஜெட் விமானமாகிய காமெட், 1954ஆம் ஆண்டில் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடுவானில் உடைந்து வீழ்ந்தது. காரணம் அறிய இங்கிலாந்தின் பார்ன்பரோ நகரில் ஒரு முழு விமானத்தின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்தனர். உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும், விமானம் பறந்து தரையிறங்கும்போது ஏற்படும் அழுத்த மாற்றத்தை ஆயிரக்கணக்கான முறை நிகழ்த்திக் காட்டினர். முன்னர் உண்மையாகப் பறந்தவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 3,060 பயணங்களுக்கு ஈடான நிலையில் அவ்வுடற்பகுதி கிழிந்தது. திரும்பத் திரும்ப வளைக்கப்படும் உலோகம் களைத்துப் போகும் என்பதை உலகம் அன்று தெளிவாகக் கற்றது. இதனை 'உலோகச் சோர்வு' என்பர். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடைவதில்லை; அதே இடத்தில் இருபது முறை வளைத்தால் உடைகிறது. அதுவே உலோகச் சோர்வு.

3. கப்பல் கட்டும் தளத்தில் மூன்று தேர்வுகள்

தெலங்கானாவில் கடற்கரை இல்லை. நமக்கு அருகில் உள்ள பெரிய கப்பல் கட்டும் தளம் விசாகப்பட்டினத்தில் அமைந்துள்ளது. விடுதலை பெற்ற இந்தியாவில் கட்டி முடிக்கப்பட்ட முதல் பெருங்கப்பலாகிய 'ஜல உஷா' 1948ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் நீரில் இறக்கப்பட்டது. இத்தகைய தளங்களில் எஃகுத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் எனப்படும் பற்றவைப்பு முறையால் இணைத்துக் கப்பலைக் கட்டுகின்றனர். ஒரு பெரிய கப்பலில் பற்றவைத்த கோடுகளின் மொத்த நீளம் பல கிலோமீட்டர் இருக்கும். அக்கோடுகளில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் நீர் புகும். ஆதலால் பகுதி பகுதியாகத் தேர்வு நடைபெறுகிறது.

முதலாவது, நீர் நிரப்பும் தேர்வு. கப்பலின் அடிப்பகுதியில் எரிபொருளுக்கும் நன்னீருக்கும் எடைச் சமநிலைக்கான கடல்நீருக்கும் தனித்தனித் தொட்டிகள் உண்டு. அவற்றுள் நீரை நிரப்பி, தொட்டியின் உச்சிக்கு மேலும் குறைந்தது 2.4 மீட்டர் உயரத்திற்கு நீர் நிற்குமாறு ஒரு குழாயைப் பொருத்துகின்றனர். அக்குழாய் மெல்லியதாக இருப்பினும் கவலையில்லை. அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீரின் உயரமே, அதன் அளவன்று. தொட்டியின் சுவர்கள் புடைக்கின்றனவா, இணைப்புகள் கசிகின்றனவா என்று பொறியாளர்கள் அங்குலம் அங்குலமாகப் பார்க்கின்றனர். சுவரின் வலிமையையும் இணைப்பின் செம்மையையும் ஒருசேரக் காட்டுவது இத்தேர்வு.

இரண்டாவது, காற்றுக் கசிவுத் தேர்வு. தொட்டியை மூடி, வளிமண்டல அழுத்தத்தைவிட ஏழில் ஒரு பங்களவு மட்டுமே கூடுதலாகக் காற்றேற்றி, பற்றவைத்த கோடுகளின்மேல் சோப்பு நீரைப் பூசுகின்றனர். குமிழி எழும் இடமே குறையுள்ள இடம். இது கசிவை மட்டும் காட்டும், வலிமையைக் காட்டாது.

மூன்றாவது, நீர்ப்பீச்சுத் தேர்வு. கதவு, மூடி முதலிய நீர் நிரப்ப இயலாத இடங்களின்மேல் தீயணைப்போர் செய்வதுபோல் வேகமாக நீரைப் பீய்ச்சுகின்றனர். குழாய்முனைக்கும் இணைப்புக்கும் இடையே 1.5 மீட்டருக்கு மேல் தொலைவு இருத்தல் கூடாது என்பது விதி. ஒருவர் வெளியிலிருந்து பீய்ச்ச, மற்றொருவர் உள்ளிருந்து ஈரம் தெரிகிறதா என்று நோக்குவார்.

கப்பலின் உட்புற அறைகளைப் பிரிக்கும் நீர்புகாக் கதவுகளும் பொருத்தப்படும் முன்னரே நீரழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. உயரழுத்தக் குழாய்கள், தாங்கவேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிக்கப்படுகின்றன. இத்தேர்வுகளைக் கப்பல் கட்டுவோர் தாமே நடத்தித் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்ள இயலாது. மும்பையில் தலைமையகம் கொண்ட இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற தனி அமைப்புகளின் ஆய்வாளர் உடனிருந்து பார்த்துக் கையொப்பம் இடவேண்டும். தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தலாகாது என்பது இங்கும் பொருந்தும்.

4. அழுத்தக் கலம்

மிதக்கும் கப்பலுக்கு மேற்சொன்ன தேர்வுகள் போதும். ஆழ்கடலில் இறங்கும் ஊர்திக்கும் கருவிகளுக்கும் அவை போதா. அவற்றிற்கெனவே அழுத்தக் கலம் அமைக்கப்பட்டுள்ளது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய வசதி உண்டு. அக்கழகம் 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

அழுத்தக் கலம் என்பது மிகத் தடித்த எஃகுச் சுவர் கொண்ட பெரிய உருளை. சோதிக்க வேண்டிய உறுப்பை அதனுள் வைத்து, கனத்த மூடியால் இறுக மூடி, நீரை நிரப்புகின்றனர். உள்ளே சிறிதளவு காற்றும் தங்காதவாறு வெளியேற்றுகின்றனர். பின்னர் உயரழுத்த எக்கியால் மேலும் மேலும் நீரைச் செலுத்துகின்றனர். நீர் எளிதில் சுருங்காது என்று கண்டோம். ஆகவே சிறிதளவு நீர் கூடுதலாகச் சென்றாலும் அழுத்தம் விரைந்து உயரும். உருளை இருந்த இடத்திலேயே இருக்கும்; உள்ளிருக்கும் உறுப்போ கடலில் ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்கியதைப் போன்ற நிலையை அடையும்.

அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றுவதில்லை. ஒரு படி ஏற்றி நிறுத்துவர், அளவீடுகளைக் குறிப்பர், பின் அடுத்த படி. உச்ச அழுத்தத்தில் குறித்த நேரம் வைத்திருப்பர். அவ்வுச்சமும் உறுப்பு செல்லவிருக்கும் ஆழத்திற்கு உரியதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிறகு படிப்படியாக இறக்குவர்.

உள்ளே நிகழ்வதைக் கண்ணால் பார்க்க இயலாது. ஆதலால் உறுப்பின்மேல் 'திரிபளவி' என்னும் சிறு கருவிகளை ஒட்டுகின்றனர். மெல்லிய உலோக இழையை வளைத்து வளைத்துப் பதித்த சிறு பட்டையே திரிபளவி. அது நீண்டால் அதன் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். அம்மாற்றத்தை அளந்து, உலோகத்தின் பரப்பு மயிரிழையினும் குறைவாக நெளிவதைக்கூட அறிகின்றனர். உலோகத்திற்குள் கீறல் பிறந்தால் நுண்ணிய ஒலி எழும். அதனைக் கேட்பதற்கும் உணரிகள் உண்டு. பானையைத் தட்டிக் கேட்ட அதே செவிதான் இங்கே கருவியாக வளர்ந்துள்ளது.

அழுத்தத்தை நீக்கிய பின் வரும் அளவீடுதான் மிக முதன்மையானது. திரிபளவி மீண்டும் தொடக்க நிலைக்கே திரும்பினால் உறுப்பு நெகிழ்ந்து மீண்டது என்று பொருள். திரும்பாமல் சிறிது மாறி நின்றால் உறுப்பு நிலையாக உருமாறிவிட்டது. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாவிடினும் அது தேர்வில் தவறியதே ஆகும்.

5. மத்ஸ்யா 6000

இந்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 'சமுத்திரயான்' என்னும் திட்டத்தை 2021 அக்டோபரில் சென்னையில் தொடங்கியது. மூன்று மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்திற்கு அனுப்பி மீண்டும் கொண்டுவருவது அதன் நோக்கம். அதற்கான ஊர்தியே மத்ஸ்யா 6000. மத்ஸ்யம் என்பது மீனைக் குறிக்கும் வடசொல். இதனைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி வருகிறது.

அம்மூவரும் அமரும் அறை ஒரு கோளம். அதன் உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். அதாவது ஒரு சாணுக்கும் குறைவான சுவர் ஒன்றே மனிதரையும் ஆழ்கடலையும் பிரிக்கிறது.

ஏன் கோளம்? முட்டையின் இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து அழுத்தினால் எளிதில் உடைவதில்லை. வளைந்த ஓடு அழுத்தத்தைத் தன் பரப்பு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. கோளத்தில் மூலை இல்லை. தட்டையான பக்கம் இல்லை. ஆதலால் ஓரிடம் மட்டும் மிகுதியாகத் துன்புறுவதில்லை.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கோளத்தின் வெளிவிட்டம் 2.26 மீட்டர். அதன் வெளிப்பரப்பு ஏறத்தாழ 16 சதுர மீட்டர், அதாவது 1,60,000 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொன்றின் மீதும் 600 கிலோகிராம் அழுத்தினால் மொத்தம் ஏறத்தாழ 96,000 டன். நம் நாட்டிலேயே கட்டப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தின் எடை ஏறத்தாழ 43,000 டன். இரண்டு விக்ராந்த் கப்பல்களின் எடையைவிடக் கூடுதலான சுமையை ஒரு சிறு அறை தாங்கவேண்டும்!

இக்கோளத்தைத் தைட்டானியக் கலவையால் செய்கின்றனர். தைட்டானியம் எஃகுக்கு நிகரான வலிமை உடையது, கடல்நீரில் துருப்பிடிக்காதது, எடையோ எஃகின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். மேற்கண்ட அளவுள்ள வெறுங்கோளம் தைட்டானியத்தால் ஆனால் ஐந்து டன்னுக்குச் சற்று மேல். எஃகால் ஆனால் ஒன்பது டன்னுக்கும் மேல். எடை குறைந்தால்தான் மீண்டும் மேலே மிதந்து வருவது எளிதாகும்.

ஆனால் தடித்த தைட்டானியத்தை இணைப்பது எளிதன்று. இரண்டு அரைக்கோளங்களை ஒன்றாக்கும் கோட்டின் சுற்றளவு ஏறத்தாழ 7.1 மீட்டர். அக்கோடு முழுவதும், 80 மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஓர் ஊசித்துளையும் இன்றிப் பற்றவேண்டும். காற்று இல்லாத வெற்றிடத்தில் மின்னணுக் கற்றையைப் பாய்ச்சி உருக்கி இணைக்கும் முறையில், நூற்றுக்கணக்கான முன்சோதனைகளுக்குப் பின் இப்பணியைச் செய்துகாட்டியதாக இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2025ஆம் ஆண்டில் அறிவித்தது. விண்ணுக்குச் செல்வோரின் கைத்திறன் கடலடிக்குச் செல்வோருக்கும் உதவியது.

சோதனைகள் படிப்படியாகவே நடைபெறுகின்றன. முதலில் அதே அளவில் எஃகால் ஒரு கோளம் செய்து, 2021 அக்டோபரில் வங்கக் கடலில் 'சாகர் நிதி' கப்பலிலிருந்து 600 மீட்டர் ஆழம் வரை இறக்கிப் பார்த்தனர். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யா ஊர்தியை ஆழம் குறைந்த நீரில் மூழ்கச் செய்து, மிதப்பு, மின்சாரம், தகவல்தொடர்பு, மூச்சுக்காற்று ஆகியவற்றைச் சோதித்தனர். ஊர்தி வழக்கமாக 12 மணி நேரம் இயங்கும். இடர் நேர்ந்தால் உள்ளிருப்போர் 96 மணி நேரம் உயிர் வாழ்வதற்கான ஏற்பாடும் அதில் உண்டு.

6. கடலில்லா நகரின் பங்கு

ஐதராபாத் கடலிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் கடற்கலங்களுக்கும் இந்நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காஞ்சன்பாக் பகுதியில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சி ஆய்வகம், போர்க்கப்பல்களுக்கு ஏற்ற சிறப்பு எஃகை இந்திய எஃகு ஆணையத்துடன் இணைந்து உருவாக்கியது. 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்க்கப்பட்ட விக்ராந்த் கப்பல் அவ்வகை எஃகினால் ஆனது. அதே பகுதியில் 1973ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகம் என்னும் 'மிதானி' தொழிற்சாலையில் தைட்டானியக் கலவைகளும் சிறப்பு எஃகு வகைகளும் உருக்கப்படுகின்றன.

நகரின் வடமேற்கே பிரகதி நகரில் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அமைந்துள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலையை உங்கள் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி முதலிய கடற்கரைகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அன்று அலை வருவதை முன்கூட்டிச் சொல்ல இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. அதன்பின் 2007ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இந்நகரில் செயல்படத் தொடங்கியது.

அதற்குச் செய்தி அனுப்பும் கருவிகளுள் ஒன்று கடலடியில், சில ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் அழுத்தப் பதிவி. ஆழ்கடலில் ஆழிப்பேரலை பெரிதாகத் தோன்றாது. நீர்மட்டம் சில சென்டிமீட்டர் மட்டுமே உயரக்கூடும். தலைமேல் உள்ள நீர் அவ்வளவு கூடினாலும் கடலடி அழுத்தம் சிறிது கூடும். அச்சிறு மாற்றத்தை உணரும் பதிவி, மேலே மிதக்கும் மிதவைக்கு ஒலியலை வழியே செய்தி அனுப்பும். மிதவை செயற்கைக்கோள் வழியே ஐதராபாத்திற்கு அனுப்பும்.

எண்ணிப் பாருங்கள். பதிவியின் உறை நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே, அதன் உணரி மிகச் சிறிய அழுத்த மாற்றத்தையும் அறியவேண்டும். அவ்வுறையில் ஓர் ஊசித்துளை இருந்து நீர் புகுந்தால் கருவி ஊமையாகிவிடும். அது ஊமையாகும் நாளில் அலை வந்தால், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்போருக்குச் சொல்ல ஒருவர் குறைவார். இத்தகைய உறைகளைக் கடலில் இறக்கும் முன் அழுத்தக் கலத்தில் வைத்துத் தேறச் செய்வது அதனாலேதான்.

7. தேர்வு தவறியபோது

1963 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் 'திரெஷர்' என்னும் நீர்மூழ்கிக் கப்பல், பழுதுபார்ப்பு முடிந்து ஆழ்நீர் ஒத்திகைக்குச் சென்றபோது அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அதில் இருந்த 129 பேரும் மாண்டனர். இயந்திர அறையின் கடல்நீர்க் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கக்கூடும் என்று விசாரணையாளர் கருதினர். கப்பல் புறப்படும் முன்பே சில இணைப்புகளை ஒலியலை கொண்டு சோதித்திருந்தனர். சோதித்தவற்றுள் ஒரு பகுதி தரக்குறைவானவை என்றும் தெரிந்திருந்தது. ஆயினும் எஞ்சிய இணைப்புகள் அனைத்தும் சோதிக்கப்படவில்லை. அவ்விழப்பிற்குப் பின் அந்நாட்டுக் கடற்படை கடுமையான பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. ஒவ்வொரு இணைப்பின் சோதனையும் எழுத்தில் பதிவாகவேண்டும் என்பது அதன் அடிப்படை. அத்திட்டத்தின்கீழ்ச் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் அதன்பின் கடலில் இழக்கப்படவில்லை.

2023 ஜூன் 18ஆம் நாள், டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண ஐவருடன் இறங்கிய 'டைட்டன்' என்னும் ஊர்தி உள்நோக்கி நொறுங்கியது. ஐவரும் மாண்டனர். அச்சிதைவு கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 3,800 மீட்டர். டைட்டனின் நடுப்பகுதி கோளமன்று, உருளை. உலோகமன்று, கரியிழை அடுக்குகள். தனி அமைப்பு எதனிடமும் அது தரச்சான்று பெறவில்லை. முன்னரே பலமுறை ஆழத்திற்குச் சென்று மீண்டிருந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் கலம் சிறிது சோர்கிறது என்பதைக் காமெட் விமானம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தது. நேற்று தாங்கியது என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

8. தேர்வின் பொருள்

சோதனை என்பது கலத்தைப் பாராட்டுவதற்காக நடத்தப்படுவதன்று. அதன் குறையைத் தேடுவதற்காக நடத்தப்படுவது. 'இது எங்கே உடையும்?' என்று கேட்பவரே நல்ல சோதனையாளர். குறை கண்டறியப்பட்டால் காலம் வீணாகும், பொருள் செலவாகும், குறித்த நாளில் கப்பலை ஒப்படைக்க இயலாமலும் போகலாம். ஆயினும் அவ்விழப்புகள் கரையில் நிகழ்பவை, ஈடுசெய்யக் கூடியவை. அதே குறை கடலில் வெளிப்பட்டால் இழப்பது உயிர்.

எனவே கரையிலேயே ஒரு கடலை உருவாக்கி, கலத்தை அதில் முதலில் துன்புறுத்துகின்றனர். அங்கே திரிபளவி காட்டிய எண்ணை உள்ளபடியே ஏட்டில் எழுதும் கை, பின்னாளில் அக்கலத்தில் ஏறிச் செல்லும் முகமறியா மனிதர் ஒருவரைக் காக்கிறது.

சொற்பொருள்

கலம் – பாத்திரம், கப்பல்
எக்கி – நீரை உந்திச் செலுத்தும் பொறி, பம்பு
திரிபு – அழுத்தத்தால் வடிவில் ஏற்படும் மாற்றம்
திரிபளவி – திரிபை அளக்கும் கருவி
ஆழிப்பேரலை – சுனாமி
மிதவை – கடலில் மிதக்கவிடப்படும் கருவிக்கலம்
கரியிழை – கார்பன் இழை

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. நீரில் எத்தனை மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது?
2. நீர் நிரப்பும் தேர்வும் காற்றுக் கசிவுத் தேர்வும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
3. மத்ஸ்யா ஊர்தியின் மனித அறை கோளவடிவில் இருப்பதற்குக் காரணம் யாது?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. பேரழுத்தச் சோதனைக்குக் காற்றைவிட நீரே ஏற்றது என்பதை விளக்குக.
2. கடலடியில் உள்ள அழுத்தப் பதிவியின் செய்தி ஐதராபாத்தை அடையும் வழியை வரிசைப்படுத்தி எழுதுக.

இ. சிந்தித்து எழுதுக.
'நேற்று தாங்கியது என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.' இக்கூற்றை உங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படும் ஒரு பொருளுடன் பொருத்திப் பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
ஒரு நெகிழிப் புட்டியின் ஒரே பக்கத்தில் மேல், நடு, கீழ் என மூன்று சிறு துளைகள் இடுக. துளைகளைப் பட்டையால் ஒட்டி, புட்டியில் நீர் நிரப்பி, வாளியின் விளிம்பில் வைத்துப் பட்டையை நீக்குக. எந்தத் துளையிலிருந்து நீர் மிகுந்த வேகத்துடன் பாய்கிறது? காரணத்தைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.

உ. கேட்டு எழுதுக.
உங்கள் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ, பானை, குடம், படகு ஆகியவற்றின் குறையை அவர்கள் ஊரில் எவ்வாறு கண்டறிவர் என்று கேளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் சொற்களை மாற்றாமல் அப்படியே குறித்து வருக.